ரெண்டு தடவை பார்த்து வாங்கின கத்தி

எங்க லேப் அக்கா எதையும் ஒரே தடவை பாத்து நம்புனதே கிடையாது. பஸ்ஸுல டிக்கெட் வாங்குனா நின்னுக்கிட்டு ஒரு தடவை படிப்பாங்க, உக்காந்ததும் எடுத்து இன்னொரு தடவை படிப்பாங்க. மோர் புளிச்சிருக்கான்னு மோந்து பாத்து மூடிட்டு, பத்து எண்ணுற நேரத்துல திரும்பத் திறந்து மோந்து பாப்பாங்க. "ரெண்டாந்தடவ பாக்காம நான் எழுத மாட்டேன்"னு அவங்க வாயில நாளைக்கு இருபது தடவையாவது வரும். அப்பேர்ப்பட்ட ஆளைக் கூட்டிக்கிட்டு கத்தி வாங்கப் போனவ நான். அந்தச் சனிக்கிழமையை நினைச்சா இப்பவும் எனக்குக் கை பரபரங்குது.

அது ரெண்டாயிரத்து நாலாம் வருஷம். ஆண்டிமடம் பக்கத்துல ஒரு சின்ன ஊரு, அதுல ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். நான் பார்மசிஸ்ட், மொத வேலை, இருபத்தி மூணு வயசு. அவங்க லேப் டெக்னீசியன், முப்பத்தி ரெண்டு இருக்கும். ஜன்னலோரம் ஒரு மைக்ராஸ்கோப், அதுக்கு முன்னாடி ஒரு மர ஸ்டூல், அதுதான் அவங்க ராஜ்ஜியம். டாக்டர் வாசல்ல வந்து நின்னு "ரிசல்ட் என்னாச்சும்மா"ம்பாரு. தலையைத் தூக்காமலே "ரெண்டாவது இன்னும் பாக்கல சார்"ம்பாங்க. அவரு பேனாவால கதவு நிலையில தட்டிக்கிட்டே நிப்பாரு. ஒரு நாள் ஒரு பெரியவரோட சளியில மொத தடவை ஒண்ணும் தெரியல, ரெண்டாந்தடவை பாத்தப்ப காசநோய் இருக்கறது தெரிஞ்சுது. அதுக்கப்புறம் டாக்டர் பேனாவைத் தட்டுறதை விட்டுட்டாரு.

எங்க வீடு ஜெயங்கொண்டத்துல. பஸ்ஸு எங்களை மெயின்ரோட்டுல இறக்கி விட்டுட்டுப் போயிரும். அங்கேருந்து ரெண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை, ரெண்டு பக்கமும் முந்திரிக்காடு. முந்திரி மரம் உயரமா வளராது, கிளையெல்லாம் தரையில படுத்துக் கிடக்கும். உள்ள பத்து பேரு உக்காந்திருந்தாலும் வெளிய தெரியாது. அக்காகூட நடந்தா அந்த வழி போறதே தெரியாது, அப்படிப் பேசுவாங்க. ஆனா செவ்வாயும் வெள்ளியும் அவங்களுக்கு வேற ஊர் ஆஸ்பத்திரியில டூட்டி. அந்த ரெண்டு நாளும் நான் மட்டும்தான்.

அவன் வந்தது அந்த ரெண்டு நாள்லதான். முந்திரிக்கொட்டை வாங்கி விக்கிறவன். வெள்ளைச் சட்டை, கழுத்துல தடியா ஒரு செயின், ஒரு மொபெட். மொத தடவை கூடவே மெதுவா ஓட்டிக்கிட்டு வந்தான். அடுத்த தடவை பேரு கேட்டான். மூணாவது தடவை, "உங்கப்பா ஜெயங்கொண்டத்துல மோட்டார் கட்டுறவருதானே, நான் வந்து பேசட்டுமா"ன்னான். நாலாவது தடவை வண்டியைப் பாதைக்குக் குறுக்க நிறுத்திட்டு நகரவே இல்ல. ஒரு ஆளு ஆடு ஓட்டிக்கிட்டு வந்ததால தப்பிச்சேன்.

வீட்டுல சொல்ல முடியாது. எங்கப்பா பம்ப்செட் மெக்கானிக், தங்கமான மனுசன். ஆனா வேலைக்கு ஆர்டர் வந்த அன்னிக்கே அதைக் கையில வெச்சுக்கிட்டு சொல்லிட்டாரு: "வழியில ஏதாச்சும் ஒண்ணுன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னிக்கே நிறுத்திருவேன். அப்புறம் அழுவக் கூடாது." ரெண்டு வருஷம் காத்துக் கிடந்து வாங்குன வேலை அது. காலையில மருந்து ஜன்னலைத் திறந்து, வரிசையில நிக்கிறவங்க "தாயி"ன்னு கையை நீட்டுறப்ப எனக்கு வர்ற சந்தோஷத்தை வேற எதுலயும் நான் கண்டதில்ல. அதை விட்டுட்டு வீட்டுல உக்கார என்னால ஆகாது.

ஒரு புதன்கிழமை அக்காகிட்ட சொல்லி அழுதுட்டேன். அவங்க மொதல்ல கேட்டது, "ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

"நாலு தடவக்கா."

"அப்ப இது நெசம்தான்"ன்னாங்க.

டாக்டர்கிட்ட சொல்லலாமான்னு கேட்டேன். "அவரு மீட்டிங் போடுவாரு. மீட்டிங்குல பேசுறது பஸ்ஸு ஏறி உங்கப்பா கடைக்கு வந்துரும். ஸ்டேஷனுக்குப் போனா அதுக்கு முன்னாடியே வந்துரும்"ன்னாங்க. அப்புறம் ஜன்னல் வழியாக் காட்டைப் பாத்தாங்க. "ஒரு மடக்குக்கத்தி வாங்குவோம். சனிக்கிழம பெரம்பலூர் ஸ்டோருக்கு மருந்து எடுக்கப் போறல்ல, நானும் வரேன்"னாங்க. கத்தின்னு சொன்னதும் எனக்கு அழுகை நின்னு போச்சு. பயம் ஒரு பக்கம், என்னமோ திருவிழாவுக்குக் கிளம்புறாப்புல ஒரு துள்ளல் இன்னொரு பக்கம்.

பெரம்பலூர்ல பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பாய் கடை. பூட்டு, டார்ச் லைட்டு, சாணைக்கல்லு, கத்தி எல்லாம் அங்க கிடைக்கும். தாடி நரைச்ச பாய் "பழம் நறுக்கவாம்மா"ன்னாரு.

"பழம் நறுக்க வூட்டுல இருக்கு பாய். இது, பொம்பள தனியா நடக்குற வழிக்கு."

பாய் எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. "அல்லா இருக்கான்"னுட்டு, உள்ள போயி ஒரு பெரிய பிஸ்கட் டின்னைத் தூக்கிட்டு வந்தாரு. அதுல நாப்பது கத்தி இருக்கும். ஒண்ணொண்ணா எடுத்துக் கண்ணாடி மேசை மேல வெச்சாரு. கையில குடுக்கல. எங்க வீட்டுலயும் அப்படித்தான். கத்தியை ஒருத்தர் கையிலேருந்து இன்னொருத்தர் கையில குடுத்தா ரெண்டு பேருக்கும் சண்டை வந்துரும்பாங்க. கீழ வெச்சிரணும், வேணுங்கறவங்க எடுத்துக்கணும். சின்ன வயசுலேருந்து அது கையோட ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கம் என்னை எங்க கொண்டுபோய் நிறுத்துச்சுங்கறதைப் பின்னால சொல்றேன்.

நான் மொதல்ல எடுத்தது ஒரு பட்டன் கத்தி. அமுக்குனா டப்புனு வெளிய வருது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. "இதான்க்கா, இதான்"ன்னேன். அக்கா அதை மடக்கி என் சாப்பாட்டுப் பைக்குள்ள போட்டு, பையை நாலு ஆட்டு ஆட்டுனாங்க. உள்ளேயே டப்புங்குது. பையில ஒரு விரக்கடைக்குக் கிழிசல். "பஸ்ஸுல உன் மடியில வெச்சிருக்கப்ப இது தெறந்துக்கிச்சுன்னா?"ன்னாங்க. பாயும், "அது வேணாம்மா, வெச்சிருந்தாலே போலீஸ் கேசு"ன்னு சொல்லி அதை டின்னுக்கு அடியில தள்ளுனாரு.

சாவிக்கொத்துல தொங்குற குட்டிக் கத்தியைப் பாத்து, "இதைக் காட்டுனா அவன் நகம் வெட்டக் கைய நீட்டுவான்"னாங்க. பிடியில காம்பஸ் வெச்ச ஒரு பெரிய கத்தியை எடுத்து, "இதோட போனா நம்மளத்தான் புடிச்சுக் கட்டிப் போடுவாங்க"ன்னு வெச்சாங்க. அப்புறம்தான் அசல் பரீட்சை ஆரம்பிச்சுது. பைக்குள்ளேருந்து தேங்காயெண்ணெய் சீசாவை எடுத்து உள்ளங்கையில தடவிக்கிட்டாங்க. "பயந்தா கை வேர்க்கும்ல?" கண்ணை மூடிக்கிட்டு, இடது கையால, இடுப்புச் சொருகல்லேருந்து எடுத்துத் திறந்து பாத்தாங்க. வலது கையில சாப்பாட்டுப் பை இருக்குமாம். அடுத்து, ஊசி போடுறப்ப கையைக் கட்டுற ரப்பர் டியூப்பு ஒண்ணைப் பையிலேருந்து எடுத்தாங்க. லேப்லேருந்து கொண்டாந்திருக்காங்க. அவன் பையைப் பிடிச்சு இழுத்தா வாரை ஒரே இழுப்புல அறுத்துட்டு ஓடணுமாம், வாரு ரப்பராட்டம் இழுபடுமாம். மூணு கத்தி அந்த டியூப்பை நசுக்குச்சே ஒழிய அறுக்கல.

எல்லாத்தையும் முடிச்சுட்டு, "பாய், மறுபடி மொதல்லேருந்து வெய்யிங்க"ன்னாங்க பாருங்க. பாய் தலையில கையை வெச்சுக்கிட்டாரு. "ஏம்மா, பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்குறாப்புல பாக்குறீங்களே."

"மாப்பிள்ளைய ரெண்டு தடவ பாத்திருந்தா நான் ஏன் பாய் இங்க வந்து நிக்கிறேன்"னாங்க அக்கா. பாய் விழுந்து விழுந்து சிரிச்சாரு. நானும் சிரிச்சேன், அப்ப ஒண்ணும் புரியாமதான்.

கடைசியா ரெண்டு சுத்துலயும் தேறுனது ஒரே கத்திதான். என் உள்ளங்கை நீளம், மரப் பிடி, கட்டை விரலால தள்ளித் திறக்க ஒரு குமிழ். திறந்ததும் 'டக்'குனு பூட்டிக்கும். பிடிக்குக் கீழ ஒரு பித்தளைத் துண்டு, அதை அமுக்குனாத்தான் மடங்கும். இல்லைன்னா குத்திக்கிட்டு நிக்கும். "நம்ம வெரல்லயே வந்து மூடாது, அதான் முக்கியம்"ன்னு சொல்லிட்டு, அதே மாதிரி ரெண்டு வாங்குனாங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவங்களுக்கு. பஸ்ஸுல வர்றப்ப ஜெயங்கொண்டம் வர்ற வரைக்கும் நான் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தேன்.

அன்னியிலேருந்து லேப்ல ஒரே கூத்து. நான் மாத்திரை எண்ணிக்கிட்டு இருப்பேன், ஜன்னல்ல தலையை நீட்டி "எடு"ம்பாங்க. எடுத்துத் திறந்து காட்டணும். வரிசையில நின்ன கிழவி ஒண்ணு, "என்னா தாயி, மாத்திரைய அறுத்தா குடுக்கப் போற"ன்னு கேட்டுச்சு. ஆனா ஒண்ணை மட்டும் அக்கா கண்டிப்பாச் சொல்லி வெச்சிருந்தாங்க. "அவன் மேல ஒரு கீறல் பட்டாலும் கேசு. கேசுன்னா உன் வேல போச்சு. நீ தெறந்து காட்டுனா அவன் ரெண்டடி தள்ளி நிப்பான். அந்த ரெண்டடியில கூச்சல் போட்டுக்கிட்டே ஓடிரு."

செவ்வாக்கிழமை அவன் வரல. வெள்ளிக்கிழமை வந்துது. காலையில எட்டு மணி இருக்கும், மரமெல்லாம் பழம் மஞ்சளும் செவப்புமா தொங்குது, காடே புளிச்ச வாசனை. பாதி வழியில பின்னால மொபெட் சத்தம். குறுக்க வந்து நிறுத்துனான். "என்னா, பதிலே சொல்ல மாட்டேங்குற. இன்னிக்கு சாயந்திரம் உங்கப்பாவ பாத்துரட்டுமா?"

கை தானா இடுப்புக்குப் போச்சு. டக். திறந்துக்கிச்சு. அத்தனை அழகா அதுவரைக்கும் ஒரு தடவைகூட நான் திறந்ததில்ல. அவன் கத்தியைப் பாத்தான். தள்ளி நிக்கல. சிரிச்சான். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு இறங்கி வந்து கையை நீட்டுனான். "அட, கத்தியெல்லாம் வெச்சிருக்கியா. குடு பாப்போம்."

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? குனிஞ்சு கத்தியைத் தரையில வெச்சேன்.

சத்தியமாச் சொல்றேன், புத்தி வேலை செய்யல. குடுன்னு ஒருத்தன் கையை நீட்டுனான், கத்தியைக் கையில குடுக்கக் கூடாது, கீழ வெச்சேன். இருபத்தி மூணு வருஷத்துப் பழக்கம் என்னை முந்திக்கிச்சு. வெச்சதுக்கப்புறம்தான் அய்யோன்னு உறைச்சுது. அவன் குனிஞ்சு எடுத்துக்கிட்டான்.

அப்ப அவனுக்குப் பின்னால முந்திரிக்கிளை அசைஞ்சுது. கிளைக்கு அடியிலேருந்து தவழ்ந்து வெளிய வருது எங்க அக்கா. சேலை முழுக்கப் பழச்சாறு, தலையில சருகு. நான் நெசமாவே சட்டுனு கத்தியை எடுக்குறேனான்னு அந்த இடத்துலேயே இன்னொரு தடவை சோதிச்சுப் பாக்கணும்னு, டூட்டிக்கு லேட்டா வரேன்னு சொல்லிட்டு, முந்துன பஸ்ஸுல வந்து ஒளிஞ்சிருந்திருக்காங்க. எனக்கு முன்னாடி பாஞ்சு வந்து பயமுறுத்துறதாத் திட்டம். என்னைப் பாத்து வாயில விரலை வெச்சாங்க. மொபெட் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து, அவங்க கத்தியைத் திறந்து, பெட்ரோல் டியூப்பை ஒரே இழுப்பு. ரப்பர் டியூப்புல தேறுன கத்தி இல்லையா, அறுந்து விழுந்துது.

அவன் இதெல்லாம் பாக்கல. அவனுக்குக் கத்தியை மடக்கத் தெரியல. அப்படித் திருப்புறான், இப்படி அமுக்குறான். "இது எப்படி மூடுறது"ன்னு என்னையே கேக்குறான். நானும் மருந்துச் சீட்டு விளக்குற பழக்கத்துல, "கீழ பித்தளை இருக்கு பாருங்க, அத அமுக்கணும்"னேன்.

"வண்டில பெட்ரோலு ஒழுவுதுங்க"ன்னாங்க அக்கா, பின்னாலேருந்து, ரொம்ப மரியாதையா.

திரும்பிப் பாத்தான். செம்மண்ணுல பெட்ரோல் ஊத்தி ஓடுது. கத்தியைப் போட்டுட்டு ஓடி, அறுந்த டியூப்பை ரெண்டு விரலால நசுக்கிப் பிடிச்சுக்கிட்டான். "விட்டீங்கன்னா எல்லாம் ஊத்திரும், அப்படியே புடிச்சுக்கிட்டு நில்லுங்க"ன்னாங்க அக்கா. நான் கீழ கிடந்த கத்தியை எடுத்துக்கிட்டேன். அவன் எங்களைத் திட்டுனான், ஆனா விரலை எடுக்கல. நாங்க ஓடல, நடந்தே போனோம். ஆஸ்பத்திரி வாசல்ல என்னை விட்டுட்டு அக்கா அவங்க டூட்டிக்குப் போயிட்டாங்க. அன்னிக்கு மத்தியானம் அவன் வண்டியைத் தள்ளிக்கிட்டு ஊர் வழியாப் போனதை எங்க ஆஸ்பத்திரி ஜன்னல்லேருந்து நான் பாத்தேன். வழியெல்லாம் என்னாச்சு என்னாச்சுன்னு கேக்குறாங்க, அவன் வாயைத் திறக்கல. ரெண்டு பொம்பளைங்க டியூப்பை அறுத்துட்டாங்கன்னு யாருகிட்டயும் சொல்ல முடியுமா? அதுக்கப்புறம் அந்தப் பாதைப் பக்கமே அவன் வரல.

காட்டுல நடக்குறப்பவே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துது. அக்கா சிரிக்கல. "வூட்டுல சொல்லிராத"ன்னாங்க. "எனக்குப் பத்தொம்பது வயசுல ஆண்டிமடத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில வேல. ஒருத்தன் பின்னாலயே வந்தான். எங்கப்பாகிட்ட சொன்னேன். மறுநாளே வேல நின்னுச்சு. ஆறே மாசத்துல கல்யாணம். ஒரு தடவதான் பாத்தாங்க மாப்பிள்ளைய. ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துட்டேன். அதுக்கப்புறம்தான் லேப் படிச்சேன்." பாய் கடையில நான் சிரிச்ச சிரிப்பு எனக்கு அப்ப சுருக்குனு குத்துச்சு. சொல்ல மாட்டேன்க்கான்னு அவங்க கையில அடிச்சுச் சத்தியம் பண்ணேன்.

சத்தியத்தை என்னால காப்பாத்த முடியல. அடுத்த திங்கக்கிழமை காலையில அம்மா சோறு கட்டித் தரப் பையைக் கேட்டாங்க. அப்பா எடுத்துக் குடுக்கப் போயி, கிழிசலைப் பாத்துட்டு உள்ள கையை விட்டாரு. கத்தி வந்துது. சனிக்கிழமை அவசரத்துல பைக்குள்ளயே போட்டிருந்தேன்.

"என்னா இது?"

வேலை போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். பொய் சொல்லவும் வரல. காடு, அவன், பெரம்பலூர், டியூப்பு, எல்லாத்தையும் மூச்சு விடாம ஒப்பிச்சேன். அம்மா கையில கரண்டியோட நிக்குறாங்க. அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டாரு. முடிச்சதும் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"ஏன், பெட்ரோல் டேப்ப மூடுனா நின்னுருமே. அதுகூடத் தெரியாதவனா?"ன்னாரு.

"தெரியலப்பா. புடிச்சுக்கிட்டே நின்னான்."

அப்பாவுக்கு வாயோரத்துல ஒரு சிரிப்பு வந்து போச்சு. எழுந்து போயி மோட்டாருக்கு விடுற எண்ணெயை எடுத்தாந்தாரு. கத்தி மடங்குற இடத்துல ரெண்டு சொட்டு விட்டு, திறந்து மூடி, திறந்து மூடிப் பாத்தாரு. அலகைச் சாணைக்கல்லுல நாலு இழுப்பு இழுத்து, வேட்டி முனையில தொடச்சாரு. அப்புறம் எனக்கு முன்னால தரையில வெச்சாரு.

"எடுத்துக்க. பஸ்ஸு வந்துரும்."

மெயின்ரோட்டுல இறங்குனதும் அக்காகிட்ட சொன்னேன், சத்தியம் மீறுனதுக்குத் திட்டு வாங்கத் தயாரா. அவங்க நடக்குறதை நிறுத்திட்டாங்க.

"கையில குடுக்கலையே?"

"இல்லக்கா. கீழதான் வெச்சாரு."

"வேலைய நிறுத்துன்னு சொல்லல?"

"பஸ்ஸு வந்துரும்னுதான் சொன்னாரு."

கத்தியைக் கேட்டாங்க. தாழ்ந்து கிடந்த ஒரு முந்திரிக்கிளை மேல வெச்சேன். எடுத்து, கண்ணை மூடிக்கிட்டு இடது கையால திறந்தாங்க. சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டு வந்துது. பூட்டு மட்டும் டக்குங்குது. மூடிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அன்னிக்கும் அந்தக் கறை போகாத சேலையைத்தான் கட்டியிருந்தாங்க. அதோட முந்தானையால முகத்தைத் தொடச்சுக்கிட்டாங்க.

"இன்னொரு தடவ சொல்லு"ன்னாங்க.

"மொதல்லேருந்தாக்கா?"

"மொதல்லேருந்து."

அப்பா பைக்குள்ள கையை விட்டதுலேருந்து ஆரம்பிச்சேன்.